மூன்றாவது ஃபீட்

ப்ளூ, உன்னைக் கூப்பிட்டுத்தான் இதை ஆரம்பிக்கிறேன். நீ இருந்தவரைக்கும் நான் டிரம் ஷெட் வாசலில் நின்று பேரைச் சொன்னால் போதும், உப்புக் குடோன் பின்னாலிருந்து உருண்டு உருண்டு ஓடி வருவாய். இப்போதும் காலையில் ஷெட்டுக்குள் நுழையும்போது உன் பேர் வாய்வரைக்கும் வந்துவிடுகிறது. முழுங்கிக்கொள்கிறேன்.

நான் எட்டாவதோடு நின்றவன். ஆம்பூர்ப் பக்கம் தோல் பதனிடும் ஒரு டேனரியில் ஆறு வருஷமாக டிரம் ஓட்டுகிறேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் படிப்பதற்கு உன் அனுபவத்தை எழுது என்று கம்பெனியில் சொன்னார்கள். மெஷினைப் பற்றி எழுத என்னைவிட விவரமான ஆட்கள் இருக்கிறார்கள். நான் ஒரு நாய்க்குட்டியைக் கொன்ற கதையை எழுதுகிறேன். அதுவும் வேலையில் கற்றுக்கொண்டதை வைத்துத்தான் கொன்றேன்.

1. முதல் நாள் சொல்லிக்கொடுத்தது

டிரம் என்றால் வீடு உயரத்துக்கு ஒரு மரப் பீப்பாய். அதற்குள் ஆட்டுத் தோலையும் மருந்துத் தண்ணீரையும் போட்டுச் சுற்றவிடுவோம். உள்ளே இருக்கும் தோலுக்கு எங்கள் பேச்சில் மால் என்று பேர். முதல் நாள் எங்கள் சூப்பர்வைசர் பாஷா பாய் என் கையில் ஒரு சின்னக் கத்தியைக் கொடுத்தார்.

"இன்னாடா பாக்குற? ஒரு தோல வெளிய எடு. கழுத்துப் பக்கம் கட் பண்ணு. நடுவுல வெள்ள தெரியுதா?"

"தெரியுது பாய்."

"அப்ப குரோம் இன்னும் உள்ள ஏறல. இன்னொரு ஃபீட் போடு, ஓடவிடு. மறுபடி கட் பண்ணி பாரு. அப்பவும் வெள்ளயா? இன்னொரு ஃபீட். நீலம் ஏர்ற வரைக்கும் உடக் கூடாது. அவ்ளோதான் இந்த வேல."

குரோம் என்பது தோலைப் பதப்படுத்தும் நீல மருந்து. ஒரு தடவை போடுகிற மருந்துக்குத்தான் ஃபீட் என்று பேர். ஆறு வருஷத்தில் எத்தனை ஃபீட் போட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. மருந்து போடு, பார், தெரியவில்லையா, மறுபடி போடு. கைக்கு அது பழகிவிட்டது. தப்பு அங்கேதான் இருந்தது.

2. ப்ளூ வந்தது

ப்ளூவின் தாய், கம்பெனிக்கு வெளியே திரிந்த ஒரு செவலை நாய். உப்புக் குடோன் பின்னால் நான்கு குட்டி போட்டது. மூன்று செத்துவிட்டன. தாயும் ஒரு நாள் காணாமல் போனது. மிச்சம் இருந்த வெள்ளைக் குட்டி, டிரம்மிலிருந்து கொட்டும் குரோம் தண்ணீரில் நடந்து நான்கு காலும் நீலமாகி என் முன்னால் வந்து நின்றது. காலைக் கழுவிவிட்டேன். நீலம் முழுசாகப் போகவில்லை. ப்ளூ என்று பேர் வைத்தேன்.

டேனரி ஆளின் கை நாற்றம் சோப்புக்குப் போகாது. மாதனூர் பஸ்ஸில் நான் உட்கார்ந்தால் பக்கத்து சீட் காலியாகவே வரும். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட ஜன்னலைத் திறந்துவிட்டார்கள். ப்ளூ மட்டும் அந்தக் கையை மோந்து மோந்து நக்கும். அந்த நாற்றத்தை வைத்தே நான் எங்கே இருந்தாலும் கண்டுபிடித்து வந்துவிடும். எனக்கு வேறு யார் அப்படி வந்தார்கள்?

ஒரு மாதத்தில் வயிறு நன்றாக உப்பிவிட்டது. எங்களுக்கு ஒரே சந்தோஷம். சுண்ணாம்பில் ஊறிய தோல் உப்பினால்தான் நல்ல மால். உப்பவில்லை என்றால்தான் பாய் கத்துவார். அதே கண்ணோடு குட்டியையும் பார்த்தோம்.

"தினேசு, உன் புள்ள முதலாளி மாதிரி தொப்ப போட்டுக்கிச்சுடா" என்று குமார் சிரித்தான். அவன் பக்கத்து டிரம்மில் வேலை பார்ப்பவன், மாதனூர்க்காரன்.

விலா எலும்பு தெரிந்ததை நான் பார்க்கவில்லை. முடி சொரசொரவென்று ஆனதையும் பார்க்கவில்லை. தொப்பையை மட்டும் பார்த்தேன்.

3. மருந்து

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஷிப்டுக்கு வந்தபோது ப்ளூ வாந்தி எடுத்து வைத்திருந்தது. பாலோடு வெள்ளையாக, நீளமாக, வேகவைத்த சேமியா மாதிரி நான்கைந்து. ஒன்று நெளிந்தது.

குமார் குனிந்து பார்த்தான். "பூச்சிடா. எங்க ஆட்டுக்கு இப்டிதான் இருந்துச்சு. நாளைக்கு மருந்து எடுத்துக்கினு வர்றேன். ஒரு மடக்கு ஊத்துனா எல்லாம் கழிஞ்சுடும்."

"டாக்டராண்ட காட்டிட்டு குடுக்கலாமா?"

"அட, பூச்சிக்குப் போயி டாக்டரா? லீவு போட்டா பாய் பேஜார் பண்ணுவாரு."

மறுநாள் அரை பாட்டில் கொண்டுவந்தான். மேலே ஆடு படம் போட்டிருந்தது. நாய் படம் இல்லை. அதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டும் கொடுத்தேன்.

ஊசி இல்லாத சிரிஞ்சில் முதல் தடவை காலை ஒன்பது மணிக்குக் கொடுத்தேன். குமார் வீட்டு ஆட்டுக்குட்டிக்கு எவ்வளவோ அவ்வளவு. ப்ளூ முகத்தைச் சுளித்தது. பிறகு வாலை ஆட்டியது. பத்தரை மணிக்குப் போய்ப் பார்த்தேன். பூச்சி எதுவும் வெளியே வரவில்லை. நடுவில் இன்னும் வெள்ளை இருக்கிறது என்று என் புத்தி சொன்னது. இரண்டாவது ஃபீட் கொடுத்தேன். சாப்பாட்டு நேரத்துக்குப் பார்த்தேன். அப்போதும் வரவில்லை. மூன்றாவது.

மூன்றாவதைக் குடிக்க மாட்டேன் என்று வாயை இறுக்கிக்கொண்டது. நான்தான் தாடையை அழுத்தித் திறந்தேன். "முழுங்குடா செல்லம், நல்லாயிடுவ" என்று சொல்லிக்கொண்டே ஊற்றினேன்.

இரண்டு மணிக்கு வாயில் எச்சில் கயிறு மாதிரி ஒழுகியது. பின்னங்கால் நடுங்கியது. நிற்கப் பார்த்தது, விழுந்தது. தூக்கிக்கொண்டு பாஷா பாயிடம் ஓடினேன்.

"பாய், கேட் பாஸ் குடுங்க. ஆஸ்பத்திரிக்குப் போணும்."

"யாருக்குடா?"

"ப்ளூவுக்கு."

அவர் முதலில் சிரித்தார். பிறகு குட்டியைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். "பாவம்தான். ஆனா உன் டிரம்முல மால் இருக்குது. அரை மணிக்கு ஒருக்கா சோடா போடணும். நடுவுல உட்டா மொத்தமும் போய்டும். முடிச்சுட்டு போ, நான் கையெழுத்துப் போட்டு வக்கிறேன்."

சோடா உப்பு போட்டால்தான் குரோம் தோலில் பிடித்து நிற்கும். பாயின் மேல் குற்றம் சொல்லிவிட்டால் எனக்கு லேசாக இருக்கும். ஆனால் குமார் பக்கத்து டிரம்மில்தான் நின்றான். "என் சோடாவையும் நீ போட்டுடு" என்று சொன்னால் போட்டிருப்பான். நான் சொல்லவில்லை. என் டிரம்மை இன்னொரு ஆளிடம் விட்டு எனக்குப் பழக்கமில்லை. மால் கெட்டால் என் பேர் கெடும் என்று நினைத்தேன். குட்டியைச் சாக்கில் படுக்கவைத்துவிட்டு, அரை மணிக்கு ஒரு தடவை ஒழுங்காக, கடிகாரம் பார்த்து, நான்கு ஃபீட் சோடா போட்டேன். நடுநடுவே திரும்பிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அது என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

4. ஆஸ்பத்திரி

நான்கு மணிக்குமேல் ஷேர் ஆட்டோவில் ஏறினேன். மாட்டாஸ்பத்திரியில் டாக்டரம்மா பையை மாட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார். என் கையிலிருந்ததைப் பார்த்ததும் பையை மறுபடி கீழே வைத்தார்.

"இன்னா குடுத்த?"

பாட்டிலை நீட்டினேன்.

"இது ஆட்டுக்குக் குடுக்கற மருந்து. எவ்ளோ குடுத்த?"

"மூணு தடவ மேடம். பூச்சி வரல, அதான்."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். ஊசி போட்டுக்கொண்டே பேசினார். "பூச்சி மருந்து குடுத்தவொடனே கண்ணுக்குத் தெரியணும்னு இல்லப்பா. உள்ள வேல செய்யும். சில சமயம் மறுநாள் வரும், சில சமயம் கரைஞ்சே போய்டும். நாய்க்குட்டிக்குன்னு தனி மருந்து இருக்குது. எடை பாத்து ஒரு தடவதான். அப்புறம் ரெண்டு வாரம் கழிச்சுதான் அடுத்தது."

"எங்கேந்து மேடம் இவ்ளோ பூச்சி வந்துச்சு? தோல் கழிவத் தின்னதாலயா?"

"தாய்கிட்டேந்து. வயித்துல இருக்கறப்பவே குட்டிக்கு வந்துடும், பால்லயும் வரும். ரெண்டு மூணு வாரத்துலயே கூட்டிக்கினு வந்திருந்தா சின்ன வேல இது. எச்சில் ஒழுக ஆரம்பிச்சவொடனே கெளம்பிட்டியா?"

நான் சாக்கின் நுனியை இழுத்து ப்ளூவின் மேல் போர்த்தினேன்.

ஐந்தேகால் மணிக்கு ப்ளூ மேஜைமேல் ஒரு தடவை காலை உதைத்தது. பிறகு அசையவில்லை. சாக்கில் சுற்றப்போனபோது அடியில் ஈரமாக இருந்தது. பூச்சிகள் வந்திருந்தன. ஒரு கை அளவுக்கு. மருந்து வேலை செய்திருந்தது.

பாலாற்று மணலில் புதைத்தேன். நாலு காலிலும் நீலம் அப்படியே இருந்தது.

5. மறுநாள்

மறுநாள் என் டிரம்மிலிருந்து மால் இறக்கினோம். பாஷா பாய் ஒரு தோலை வெட்டிப் பார்த்தார். நடுவரைக்கும் ஒரே நீலம், ஒரு கறை இல்லை. "ஏ ஒன் மால்டா. கை ராசி உனக்கு" என்று முதுகில் தட்டினார். அந்த மாதம் முழுவதும் அவ்வளவு நல்ல மால் வேறு யாருக்கும் வரவில்லை.

கேன்டீனில் ஒருத்தன் கேட்டான்: "தெனம் ஆயிரம் ஆட்டுத் தோல உருட்டுற. ஒரு நாய்க்கு ஏண்டா மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினு இருக்க?"

எல்லாரும் சிரித்தார்கள். குமார் சிரிக்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனான். அன்றிலிருந்து அவனும் நானும் ப்ளூவைப் பற்றிப் பேசுவதில்லை.

புதிதாக வருகிற உங்களுக்கு நான் சொல்ல இருப்பது கொஞ்சம்தான். குட்டிக்கு வயிறு உப்பினால் சந்தோஷப்படாதீர்கள். ஆட்டு மருந்தைத் தொடாதீர்கள். டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போங்கள், அவர் சொன்ன அளவைக் கொடுங்கள், பிறகு சும்மா இருங்கள். சும்மா இருப்பதுதான் நம் கைக்கு வராது. அதன் கழிவை அள்ளினால் கையை நன்றாகக் கழுவுங்கள், அந்தப் பூச்சி நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் வரும் என்று டாக்டரம்மா சொன்னார். டிரம்மில் மால் இருக்கும்போது ஒரு உயிர் தவித்தால், பக்கத்து டிரம் ஆளைக் கூப்பிடுங்கள். மால் போனால் கம்பெனி வேறு தோல் வாங்கிக்கொள்ளும்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் போகும்போது பாஷா பாய் என்னிடம் வந்து, "நாய்க்கு துஆ செய்யலாமான்னு எனக்குத் தெரியலடா. ஆனா செஞ்சுட்டு வர்றேன்" என்றார். நான் மாரியம்மன் கோயில் வாசல்வரைக்கும் போனேன். உள்ளே போக முகம் இல்லாமல் திரும்பிவிட்டேன். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். இதைப் படிக்கிற எல்லாரும், எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களாக இருந்தாலும் சரி, ஒரு தடவை ப்ளூவுக்காக வேண்டிக்கொள்ளுங்கள். வெள்ளைக் குட்டி, நாலு காலும் நீலம் என்று சொல்லி வேண்டிக்கொள்ளுங்கள். எனக்காக வேண்டாம்.