அம்மாளின் படத்தில் நான்

மண்டூர்க் கோயில் தீர்த்தம் முடிந்த மூன்றாம் நாள், அடையாள அட்டைக்குப் படம் பிடிக்கக் களுவாஞ்சிக்குடிக்குப் போயிருந்தேன். ஸ்டூடியோக்காரர் நாலு தரம் பிடித்தார். நாலிலும் நான் கண்மூடி. "ஐயா, கண்ணத் திறந்து இரிங்களன்" என்று அலுத்துக்கொண்டார். அவர்மேல் குற்றமில்லை. கமராவுக்கு முன்னால் கண்ணை மூடு என்று ஊரே சேர்ந்து பழக்கிவிட்ட ஆள் நான்.

அப்படிப் பழக்கியது, எழுபத்தெட்டில் சூறாவளி அடித்ததற்கு அடுத்த வருசம். வயல் வட்டையில் உழும்போது எப்போதோ அகப்பட்ட கல் அம்மாள் ஒருத்தி எங்கள் வாவிக்கரைக் கோயிலில் இருந்தாள். பழைய சிலைகளைப் படம் பிடித்துப் பதிகிற அலுவலர் ஒருவர் கொழும்பிலிருந்து வந்தார். வெயிலில் அவித்த இறால் மாதிரிச் சிவந்த, நல்ல மனிசன். "படம் பதிவில இருந்தா, களவு போனாலும் உங்கட சிலைதான் எண்டு காட்டி மீட்கலாம்" என்றார். பக்கத்து ஊர்களில் இரண்டு சிலைகள் போயிருந்த காலம். எல்லாரும் தலையாட்டினோம்.

மறுகா, "சீலையக் கழட்டுங்க, வேலைப்பாடு தெரியணும்" என்றாரே பார்க்கலாம்!

எங்கள் ஊரில் அம்மாளுக்குச் சீலை மாற்றுவது பெண்கள். அந்த நேரம் பூசாரி உட்பட ஆண்களெல்லாம் வாவியைப் பார்த்துத் திரும்பி நிற்போம்.

"நான் ஆம்பிளையா வரல்ல, உத்தியோகத்தராத்தான் வந்திரிக்கன்" என்றார் அலுவலர்.

"உத்தியோகத்தருக்குக் கண் இல்லையோ?" என்றாள் என் மச்சாள் பூமணி.

"அப்ப நீங்களே கமராவ அமத்துங்க அக்கா."

"அரசாங்கச் சாமான நான் தொடமாட்டன். உடைஞ்சா ஆரு பதில் சொல்ற?"

கோயிலைப் பார்த்துவந்த வண்ணக்கர் தீர்ப்புச் சொன்னார்: "கமரா பாக்கட்டும். நீங்க அங்கால கிறுகுங்க தம்பி."

பாவம், அந்த மனிசன் முதுகைக் காட்டி நின்று, கமராவைத் தோளில் பின்பக்கமாக வைத்துக்கொண்டார். சிலைக்குப் பக்கத்தில் அளவுத்தடி பிடிக்கப் பெண்கள் மறுத்ததால், கண்ணை மூடச் சொல்லி என்னை நிறுத்தினார்கள்.

"கொஞ்சம் மேல... ஐயோ, உங்கட காது மறைக்கிது! அடேய் மச்சான், பெட்டி அடிக்கவா அம்மாள அளக்கிறாய்?" பூமணி மச்சாள் விடவில்லை.

மூன்று படங்கள் தபாலில் வந்தன. ஒன்றில் கூரை. ஒன்றில் மச்சாளின் கொண்டை. மூன்றாவதில் அம்மாளின் முழங்கையும் தடியும், கண்மூடிய என் முகம் வெகு தெளிவாகவும்.

அடுத்த மாரியில் சிலை போய்விட்டது. சீலையைக் கள்ளன் மடித்து வைத்துவிட்டுப் போயிருந்தான். "மரியாத தெரிஞ்சவன்" என்றார் வண்ணக்கர், கண்ணைத் துடைத்தபடி. படத்தைப் பொலிசுக்குக் கொண்டுபோனோம்.

"இவர் எப்ப காணாமப் போன?" என்று கேட்டார் பொலிஸ்காரர்.

"இவர் இந்தா நிக்கார் ஐயா."

"அப்ப வந்திட்டார்தானே" என்று எழுதி முடித்துவிட்டார்.

அடையாளம் சொல்ல எங்கள் ஆண்களில் ஒருத்தருக்கும் தெரியாது. நாங்கள் கண்டதெல்லாம் பட்டும் சந்தனமும்தான். வீட்டுக்கு வரும் வழியில் பூமணி மச்சாள் மெல்லச் சொன்னாள்: "வலக்கால் சின்னவிரல் இல்ல. முழங்கால்ல கலப்பை கீறின தழும்பு."

இப்போது மச்சாளும் இல்லை. எங்காவது ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள்ளோ, பெரிய வீட்டு முற்றத்திலோ அந்தக் கால் இருக்கலாம். வெளியூர் போகிறவர்களிடம் இதைச் சொல்லிவிடுங்கள். கண்டவர்கள் முதலில் ஒரு சீலையைப் போர்த்தட்டும்; பிறகு எங்களுக்கு ஆள் அனுப்பட்டும்.