குருவி போட்ட சந்தனம்

மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் எங்கள் சோளக்காட்டு வேலியில் ஒரு சந்தன மரம் நின்றது. யாரும் நட்டதில்லை. எங்கோ பழம் தின்ற கொண்டைக்குருவி எச்சத்தோடு போட்டுப் போனது. அதன் நிழலில் படுத்தால் இலைகளுக்கிடையே வெயில் மெல்ல அசையும். ஆடுகளை மறந்து கண்ணயர்ந்துவிடுவேன். அது வாசனை மரம் என்று எல்லோரும் சொன்னார்கள். எத்தனை முறை மூக்கை வைத்தும் எனக்குக் கிடைத்தது புழுதி வாசம்தான்.

அதை விற்பதற்கு அனுமதி கேட்டு அப்பா அலைந்தார். ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு அனுப்பினார்களாம், சலித்துப்போய் விட்டுவிட்டார். பிறகு பைக்கில் ஒருவர் வந்து, எந்தக் காகிதமும் வேண்டாம், நாங்களே வெட்டிக்கொள்கிறோம் என்றார். அப்பா மோர் கொடுத்து அனுப்பிவிட்டார்.

சில நாள் கழித்து, மரத்தில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு துளையைக் கண்டேன். ஏதோ குருவி கூடு கட்டப் பார்க்கிறது என்று, யாரிடமும் சொல்லாமல் தினமும் அதில் நாலு சோளம் போட்டு வந்தேன். உள்ளே வாசனைக் கட்டை வைரம் ஏறியிருக்கிறதா என்று திருடர்கள் அப்படித் துளையிட்டுப் பார்ப்பார்கள் என்பது பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

எடப்பாடியில் நடந்த சித்தி கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு போய் மறுநாள் மத்தியானம் திரும்பினோம். மரம் இல்லை. வேரையும் விடாமல் தோண்டியிருந்தார்கள். அந்தக் குழியிலிருந்து எழுந்த வாசனையில் காடே மிதந்தது. நான் மரத்தூளை அள்ளிப் பாவாடையில் முடிந்துகொண்டேன்.

அப்பாவே போய்ப் புகார் கொடுத்தார். விசாரிக்க வந்த அதிகாரி குழியைவிட அப்பாவைத்தான் அதிகம் பார்த்தார்.

“நீங்களே ஆள் வெச்சு வெட்டிட்டு எங்களைக் கூப்பிடறீங்களா?”

“இல்லீங்க. நான் நட்டதும் இல்லீங்க, வெட்டுனதும் இல்லீங்க.”

அப்பா கை கட்டி நின்றதை அன்றுதான் பார்த்தேன்.

பட்டாவைத் தூக்கிக்கொண்டு பல வாரம் விசாரணைக்கு நடந்தார். எல்லாம் ஓய்ந்தபின், மழை விட்ட ஒரு காலையில் என்னை வேலிக்கு அழைத்துப் போனார். அங்கங்கே முளைத்திருந்த சந்தனக் கன்றுகள் என் முழங்கால் உயரம் வளர்ந்திருந்தன. குனிந்து ஒன்றைப் பிடுங்கினார்.

“ஏனுங்கப்பா புடுங்கறீங்க?”

“இது நம்ம காட்டுல வேண்டாஞ் சாமி.”

மண் இளகியிருந்தது. யார் அதிகம் பிடுங்குவது என்று நான் போட்டி வைத்தேன். வேலி முழுக்க ஓடி ஓடிப் பிடுங்கினேன். அப்பா ஒவ்வொரு கன்றையும் பிடித்தபடி வெகுநேரம் குனிந்தே இருந்தார். எனக்காக வேண்டுமென்றே தோற்கிறார் என்றுதான் நினைத்தேன்.