மருதாணி மேல் போட்ட பழி

கிருமாம்பாக்கத்தில் அமுதத்தின் வாய்க்குப் பயப்படாதவர் கிடையாது. அவள் முறைத் தண்ணீரை யாராவது திருப்பிவிட்டால், வரப்பில் நின்று அவர்களுடைய ஏழு தலைமுறையையும் இழுத்துவிடுவாள். அப்பேர்ப்பட்டவள் கத்தியும் ஓர் இடத்தில் எடுபடவில்லை. அது ஆஸ்பத்திரி.

கடலூர் சாலையில் புருஷன் பக்கிரியோடு மொபெட்டில் போனபோது பஸ் ஒன்று ஒதுக்கியதில் கீழே விழுந்தாள். மடங்கிய முட்டி தரையில் மோதி, உள்ளே பின்பக்கத்து ஜவ்வு அறுந்துபோனது. நாற்று நடுகிறவளுக்கு முட்டி போனால் பிழைப்பே போனது. நகையை அடகுவைத்து ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் ஸ்கேனைக் காட்டி விளக்கமாகத்தான் பேசினார்.

"இந்த ஜவ்வுக்குப் பின்னாலேயே காலுக்கு ரத்தம் போற பெரிய குழாய் இருக்கும்மா. நடுவுல ஒரு விரல் இடம்கூடக் கிடையாது. ஜாக்கிரதையா செய்வோம்."

ஆபரேஷன் முடிந்த அன்று மத்தியானமே பாதம் சில்லிட்டுவிட்டது. பக்கிரி உள்ளங்காலைப் பிடித்துப் பார்த்துப் பதறிப்போய் சிஸ்டரைக் கூப்பிட்டான். சிஸ்டர் கட்டிலோரம் நின்றபடியே எட்டிப் பார்த்தாள்.

"விரல்லாம் சிவப்பா நல்லாத்தானே இருக்கு? மயக்க மருந்து இறங்கினா சூடு வந்துடும்."

சிவப்பு மருதாணியுடையது. நடவுக் காலத்தில் சேற்றுப்புண் வந்து விரலிடுக்கெல்லாம் வெந்துபோகும். அதற்கு மருதாணியை அரைத்துக் கட்டுவது ஊர் வழக்கம். நகமும் விரலும் அப்படியே சிவந்து கிடந்தன. ரத்தமே வராத காலுக்கு மருதாணி ரத்தக்களை கொடுத்துக்கொண்டிருந்தது.

சாயந்திரம் கெண்டைக்கால் வெடித்துவிடும்போல் வலித்தது.

"மருந்து இறங்கலன்னா வலி மட்டும் எப்படிம்மா வருது?" என்று அமுதம் கத்தினாள். வலிக்கு ஓர் ஊசி போட்டார்கள், அவ்வளவுதான்.

மறுநாள் காலை வேறொரு டாக்டரம்மா வந்தாள், கல்பனா என்று பெயர். வந்ததும் புறங்காலில் இரண்டு விரலை வைத்தாள். தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"நாடியே இல்லையே! எப்பலேருந்து இப்படி இருக்கு?"

அப்புறம்தான் ஆம்புலன்ஸ் பறந்தது. பெரிய ஆஸ்பத்திரியில், கத்தி பட்டு அறுந்திருந்த ரத்தக் குழாய்க்கு இன்னொரு காலிலிருந்து குழாய் எடுத்து ஒட்டுப் போட்டார்கள். காலை வெட்டாமல் தப்பித்தாள். ஆனால் பட்டினி கிடந்த தசை செத்துவிட்டது, பாதம் தூக்க வரவில்லை. இழுத்து இழுத்து நடக்கிறவள் சேற்றில் எப்படி இறங்குவாள்?

நியாயம் கேட்க இருவரும் ஆபரேஷன் செய்த டாக்டரிடம் போனார்கள். வாசலிலேயே புதுப் பலகை ஒன்று மாட்டியிருந்தது: 'அறுவை சிகிச்சைக்கு வருவோர் மருதாணி இடக்கூடாது.' பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான். அமுதத்துக்கு உச்சி எரிந்தது. டாக்டரும் உள்ளே அதையே சொன்னார்.

"நீங்க மருதாணி போட்டிருந்தீங்க. அதனால நிறம் மாறினது தெரியாமப் போச்சும்மா."

"இன்னா சார் பேசற? குழா பின்னாலயே கீதுன்னு எனக்குச் சொன்னவன் நீதானே? கத்தி பட்டுச்சு, கைத்தப்பு. அத்த உட்டுட்டன். நகத்துலதான் மருதாணி பூசனன், நாடியிலயா பூசனன்? ஒரு நாள் பூரா ஜில்லுன்னு கத்தனனே, ஒருத்தராவது குனிஞ்சு தொட்டீங்களா? சேத்துல மிதிக்கிற காலு, தொட்டா கை அழுக்காயிடும்னுதானே?"

பக்கிரி அவள் கையைப் பிடித்து இழுத்தான். அவள் உதறிவிட்டுச் செருப்பைக் கழற்றினாள். செத்த பாதத்தை இரண்டு கையாலும் தூக்கி ஸ்டூல் மேல் வைத்தாள்.

"இப்பவாவது தொட்டுப் பாரு சார்."

டாக்டர் அந்தக் காலைப் பார்த்தார். பிறகு, தொட்டுப் பார்க்க சிஸ்டரைக் கூப்பிட மணியை அழுத்தினார்.