மண்ணுக்கு ஊற்றாத குடம்

சாரதாமணி ராசிபுரத்து நெசவுக் குடும்பத்துப் பெண். கல்யாணம் தட்டிக்கொண்டே போனதில் தந்தி அடிக்கக் கற்று, கொல்லிமலை அடிவாரத்து ஊரொன்றின் தபாலாபீஸுக்கு வந்து சேர்ந்தாள். பின்னறைதான் வீடு. ஊருக்கு வரும் சாவுச் செய்தியெல்லாம் முதலில் அவள் காதில் விழும். அவள் ஒரு வீட்டு வாசலில் வந்து நின்றாலே பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். அதனால் யார் வீட்டுக்கும் சும்மா போவதை விட்டுவிட்டாள்.

எண்பத்து மூன்றில் மழை பொய்த்தது. பங்குனியில் மாரியம்மன் கோயில் முன் கம்பம் நட்டு, பெண்கள் தினமும் விடியலில் அதற்குத் தண்ணீர் ஊற்றிவந்த சமயம், ஆபீஸைத் திறந்ததும் பாவாயி வந்து நின்றாள்.

"ஏனுங்கம்மா, எங்க மயில்சாமிக்கு ஒரு தந்தி அடிக்கோணும். அவங்கப்பனுக்கு மூச்சு மேலயே நிக்குது."

அவள் மகன் மயில்சாமி அனந்தப்பூர்ப் பக்கம் ரிக் வண்டியில் போர்க்கிணறு போடப் போயிருந்தான். மத்தியானத்துக்குள் தந்தி கிடைத்தால் ரயிலைப் பிடித்துக் காலையில் வந்துவிடலாம். கம்பம் நிற்கும்போது ஊருக்குள் பிணத்தை வைத்திருக்க விடமாட்டார்கள். உயிர் போன கையோடு எடுத்துவிட வேண்டும்.

சாரதாமணி தந்திக் கட்டையைத் தட்டினாள். நாமக்கல் ஆபீஸிலிருந்து பதில் இல்லை. முனைகளைத் துடைத்தாள், திருகுகளை முறுக்கினாள். பாட்டரிக் கம்பியை நாக்கில் வைத்துப் பார்த்தாள், சுளீரென்றது. அப்படியென்றால் கோளாறு வெளியேதான் என்று லைன்மேன் சடையனைக் கம்பியோடு போய்ப் பார்த்துவரச் சொன்னாள். நாமக்கல் பஸ் போய்விட்டிருந்தது, அடுத்தது சாயங்காலம்தான்.

பாவாயி சுவரோரம் உட்கார்ந்தாள். "சாவுச் சேதி வாரப்ப இது ஒருநாளும் நின்னதில்லீங்க. ஆளைக் கூப்பிடத்தான் நிக்குது."

சாரதாமணி மறுபடியும் கட்டையைத் தட்டிப் பார்த்தாள்.

வெயில் உச்சிக்கு ஏறியபின் சடையன் திரும்பினான். "கம்பி சுத்தமா இருக்குதுங்கம்மா. ஒரு ஓணான்கூட ஒக்காரல."

கம்பி இறங்கும் இடத்தைப் பார்க்கக் கொல்லைப்பக்கம் போன சாரதாமணி அங்கேயே நின்றாள். தந்தி போவதற்குத்தான் கம்பி. மின்சாரம் திரும்பி வரும் வழி மண். அதற்காகக் குழி வெட்டி இரும்புக் குழாயைப் புதைத்திருந்தார்கள். மண் காய்ந்தால் மின்சாரம் ஓடாது, தினமும் அந்தக் குழியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும். குழி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. தெருக்குழாயில் ஆபீஸுக்கு நாளுக்குக் கிடைத்ததே ஒரு குடம். கம்பம் நட்டதிலிருந்து, மழை வேண்டி அதைக் கம்பத்துக்கு ஊற்றி வந்தாள். அன்று விடியலிலும் ஊற்றியிருந்தாள்.

"பாவாயி, தண்ணி வேணும். இருக்குதா?"

எதற்கென்று பாவாயி கேட்கவில்லை. வீட்டுக்குப் போய் ஒரு குடம் எடுத்துவந்தாள். "கம்பத்துக்கு வெச்சிருந்தது. ஆத்தா பொறுத்துக்குவா, ஊத்துங்க."

மண் புஸ்ஸென்று குடித்தது. சற்றுப் பொறுத்துத் தட்டியபோது நாமக்கல் பேசியது.

தந்தி இருட்டிய பிறகே மயில்சாமி கைக்குப் போனது. ரயில் போய்விட்டிருந்தது. மறுநாள் காலை அப்பன் செத்தார். உடனே எடுக்கச் சொல்லி ஊர்க்காரர்கள் வாசலில் வந்து நின்றார்கள். பங்காளி மகன் கொள்ளி வைத்தான். பொழுது சாய, கல்தூள் படிந்த காலோடு மயில்சாமி வந்தபோது வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள்.

காரியம் முடிந்ததும் சாரதாமணி பாவாயி வீட்டுக்குப் போனாள். நின்றபடியே சொன்னாள்: "குழிக்கு ஊத்த வேண்டிய தண்ணியை நாந்தான் கம்பத்துக்கு ஊத்திட்டேன். அதான் தந்தி நின்னுபோச்சு."

பாவாயி முறத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "தெரியுமுங்க. எனக்குப் பின்னாடிதான நின்னு ஊத்துனீங்க." கொஞ்ச நேரம் கல் பொறுக்கினாள். "மழைக்குத்தான ஊத்துனீங்க. அதுவும் பேயல."

உட்காரச் சொல்லவில்லை. சாரதாமணி ஆபீஸுக்குத் திரும்பி, அன்றைய குடத்தைக் குழியில் கவிழ்த்தாள்.