வண்டியா, கையா

எங்கள் அத்தை மொபெட்டில் போகும்போது பின்னாலிருந்து பார்த்தால் அத்தை தெரியமாட்டார், பனியன் மூட்டைதான் தெரியும். முன்னால் ஒரு மூட்டை, பின்னால் ஒரு மூட்டை, நடுவில் என் மாமியார். அவிநாசிபாளையத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் வீட்டில் உட்கார்ந்தபடி நூல் பிசிறு வெட்டும் பெண்களுக்குத் தைத்த பீஸ்களைக் கொண்டுபோய்க் கொடுப்பதும், வெட்டி முடித்ததை வாங்கிக் கம்பெனியில் சேர்ப்பதும் அவர் வேலை. மாமனார் இறந்த பிறகு சும்மா நின்ற வண்டியைக் களத்தில் உருட்டி உருட்டித் தானே ஓட்டப் பழகியவர். கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு மாமியார் மேல் இருந்த பயம், அவர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டியைக் கிளப்பியதைப் பார்த்த அன்றே பாதி போய்விட்டது. மீதிப் பாதி இன்னும் இருக்கிறது. அது இருப்பதும் நல்லதுதான்.

அந்த அத்தை ஒரு நாள் கீழே விழுந்தார். ஊருக்குள் திரும்பும் வளைவில் ஆக்சிலேட்டரை விட்டாராம், வண்டி வேகம் குறையவில்லையாம். பிரேக்கை இறுக்கிப் பிடித்ததில் வண்டி சாய்ந்து, அத்தை மூட்டையோடு மூட்டையாகச் சரிந்திருக்கிறார். பஞ்சு மெத்தை மாதிரி மூட்டை காப்பாற்றியது. முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தான். வீட்டுக்கு வந்ததும் முதலில் பீஸ்களில் மண் பட்டிருக்கிறதா என்றுதான் பிரித்துப் பார்த்தார்.

என் கணவர் வண்டியை மெக்கானிக்கிடம் கொண்டுபோனார். அவர் கேபிளை மாற்றி, எண்ணெய் விட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று கொடுத்தார். என் கணவர் ஓட்டி வந்தபோது வண்டி சொன்ன பேச்சைக் கேட்டது. மறுநாள் அத்தை எடுத்தார். வாசலைத் தாண்டி ரோட்டில் ஏறுவதற்குள் மறுபடியும் அதே கதை. கையை விட்டாலும் இன்ஜின் உறுமிக்கொண்டே இருக்க, அத்தை பயந்து சாவியைத் திருப்பி அணைத்துவிட்டார்.

மறுபடியும் மெக்கானிக். இந்தத் தடவை அவர் வண்டியைத் தொடவே இல்லை. "வண்டியில ஒண்ணுமில்லீங்க. அம்மாவுக்கு வயசாச்சு, கை இறுகிப் போயிருக்கும். விட்டேன்னு நெனப்பாங்க, விட்டிருக்க மாட்டாங்க," என்றார். என் கணவர் அங்கேயே ஊரைச் சுற்றி ஓட்டிப் பார்த்தார். ஒரு தடவைகூட ஆக்சிலேட்டர் சிக்கி நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்து சாவியை அலமாரியின் மேல் தட்டில் தூக்கி வைத்தார். "இனி நீங்க வண்டி எடுக்க வேண்டாமுங்கம்மா."

"வண்டிலதான் சாமி கோளாறு," என்றார் அத்தை.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்ன்னாளாம்," என்று சிரித்தார் இவர். கேலியாகத்தான் சொன்னார். ஆனால் அத்தை சிரிக்கவில்லை. எனக்கு வந்த கோபத்தில் அன்று ரசத்துக்கு உப்புப் போட மறந்தேன். மறந்தேன் என்றுதான் அவரிடம் சொன்னேன்.

அதற்கு அடுத்த நாட்களில் நான் பார்த்ததுதான் என்னால் தாங்க முடியாதது. அத்தை டிவி முன்னால் உட்கார்ந்து வலது கையை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தார். மூடுவார், திறப்பார், விரல்களையே பார்ப்பார். அந்தப் பக்கம் பிசிறு வெட்டும் பெண்கள் போன் மேல் போன் போட்டு, "ஏனுங்கக்கா, பீஸ் வரலீங்களா?" என்று கேட்டார்கள். "ஒடம்புக்குச் சரியில்ல கண்ணு," என்று சொல்லிவிட்டு மறுபடியும் கையைப் பார்ப்பார். சாவி போனது பெரிதில்லை. தன் கையைத் தானே நம்பாமல் போய்விட்டார். அதுதான் எனக்கு வலித்தது.

நான் ஒரு கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறேன். எங்கள் டேபிளில் ஒரு பழக்கம் உண்டு. டேமேஜ் வந்தால் எடுத்த எடுப்பில் டெய்லரைத் திட்டமாட்டோம். அதே மெஷின், அதே நூல், அதே துணி, அதே ஆள் என்று வைத்து இன்னொரு பீஸ் ஓட்டிப் பார்ப்போம். ஒன்று மாறினாலும் அந்தச் சோதனை செல்லாது. ஞாயிற்றுக்கிழமை ஷிப்மென்ட் வேலை என்று என் கணவர் கிளம்பியதும் அத்தையை வண்டிக்குக் கூப்பிட்டேன்.

"சாவி இல்லியே அம்மிணி."

"ஆக்சிலேட்டரைத் திருகிப் பாக்கச் சாவி எதுக்குங்க அத்தை?"

முதலில் என் கைவரிசையைக் காட்டினேன். எங்கள் ஊரில் எது கிறீச்சிட்டாலும் மெஷின் ஆயில்தான் மருந்து. கதவுக் கீல், கேட், கட்டில் எல்லாமே அதைக் குடித்துத்தான் வளர்கின்றன. கேபிள் நுனியில் நாலு சொட்டு விட்டேன். அத்தை திருகினார், விட்டார். கைப்பிடி டக்கென்று பழைய இடத்துக்கு வந்தது. மறுபடி திருகினார். மறுபடி டக். ஹேண்டில்பாரை இந்தப் பக்கம் முழுக்க ஒடித்தும் அந்தப் பக்கம் முழுக்க ஒடித்தும் பார்த்தோம். எப்படித் திருகி விட்டாலும் டக்.

"நல்லாத்தான விடறேன்?"

"நல்லாத்தாங்க விடறீங்க. எண்ணெய்ல சரியாயிருச்சு போல."

வேறு யாராக இருந்தாலும் அதோடு எழுந்து போயிருப்பார்கள். நானே எழுந்துவிட்டேன். அத்தை எழவில்லை.

"அன்னிக்கு இருந்தாப்புல வெச்சுப் பாக்கலையே," என்றார். "உறையப் போடாம ஓட்டுனதில்ல நானு."

உறை என்றது கைப்பிடிக்குப் போடும் துணி உறையை. திருப்பூர்ப் பக்கம் துணி போர்த்தாத பொருள் கிடையாது. வண்டி சீட், டேங்க், டிவி ரிமோட் எல்லாவற்றுக்கும் சட்டை உண்டு. வேர்வையில் கை வழுக்குகிறது என்று அத்தை ஒரு நாள் சொல்ல, கம்பெனியில் பிளாட்லாக் மெஷின் ஓட்டும் டெய்லரான என் கணவர் டீ நேரத்தில் கட்டிங் வேஸ்ட் துணியில் தைத்துக் கொண்டுவந்தது அது. நீலக் கலரில் மெத்தென்று இருக்கும். அவர் வண்டியை எடுக்கும்போது மட்டும் உறையைக் கழற்றி வைத்துவிடுவார். தன் எண்ணெய்க் கை பட்டு அம்மாவுடையது அழுக்காகக் கூடாதாம். அத்தையோ ஓட்டும்போதெல்லாம் அதை மாட்டிக்கொள்வார்.

கொடியில் காய்ந்த உறையை எடுத்து வந்து மாட்டினார். சீட்டில் ஏறி, ரோட்டில் போகும்போது உட்காருவது போலவே கொஞ்சம் முன்னால் சாய்ந்து, கையை அழுத்தி வைத்து, திருகினார். விட்டார்.

டக் வரவில்லை.

அத்தையின் முகம் சுருங்கியது. கைதான் போலிருக்கிறது, நான் வேறு கூப்பிட்டு வந்து அதை உறுதிப்படுத்திவிட்டேனே என்று நினைத்தேன். அப்போது அத்தை மெதுவாகக் கையைக் கைப்பிடியிலிருந்து எடுத்தார். எடுத்து, தலைக்கு மேல் தூக்கினார்.

"பாரு அம்மிணி. கைய எடுத்துட்டேன் பாரு."

கை மேலே இருந்தது. ஆக்சிலேட்டர் திருகியது திருகியபடியே நின்றது.

இரண்டு பேரும் குனிந்தோம். பனியன்காரி எவளுக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. உறை சிங்கிள் ஜெர்சி, அதாவது மெல்லிய பனியன் துணி. வெட்டி, மடித்துத் தைக்காமல் விட்டால் அதன் ஓரம் சுருண்டே தீரும். உறையின் உள்பக்க ஓரத்தை இவர் மடித்துத் தைக்கவில்லை. அது துவைக்கத் துவைக்கத் திரி மாதிரி சுருண்டு, கை அழுத்தும்போது நகர்ந்து, கைப்பிடிக்கும் சுவிட்ச் பெட்டிக்கும் நடுவில் உள்ள சந்தில் போய் ஆப்பு அடித்த மாதிரி உட்கார்ந்திருந்தது. நகத்தால் இழுத்தேன். டக்.

"கை நல்லாத்தான இருக்குது," என்றார் அத்தை. என்னிடம் சொல்லவில்லை, கையைப் பார்த்துச் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அழுகைக்குப் பின்னாலேயே கோபமும் வந்தது. கூடம்தான் கோணல், கோணலாக்கியவர் யாரென்றும் தெரிந்துவிட்டது. போனை எடுத்தேன். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவன்கிட்டச் சொல்லிக்காத கண்ணு."

"ஏனுங்க அத்தை, அன்னிக்கு என்ன பேச்சுப் பேசினாரு?"

"பயத்துல பேசினான். அவன் தெச்சதுலதான் நான் உழுந்தேன்னு தெரிஞ்சா, இனி எனக்குன்னு எதையும் தெய்க்க மாட்டான்."

உறையைக் கழற்றி உள்ளே கொண்டுபோய், வீட்டு மெஷினில் உட்கார்ந்து, ஓரத்தை விரல் அகலம் வெட்டிக் குறைத்து மடித்துத் தைத்தார். மறுபடி மாட்டி எப்படி அழுத்தித் திருகினாலும் டக்கென்று வந்தது. எண்ணெயில் சரியாயிற்று என்று விட்டுவிடாமல், தனக்கு எதிராகவே சாட்சி தேடத் துணிந்த மனுஷி, கிடைத்த சாட்சியை மகனுக்காக மடித்துத் தைத்துவிட்டார். எனக்கு அந்த மனசு வராது. வராது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

சாயங்காலம் என் கணவர் வந்ததும், "ஏதோ துணி சிக்கிட்டு இருந்துது சாமி, எடுத்துட்டோம்," என்றார் அத்தை. சாவியை வாங்கி, அவர் கண் முன்னாலேயே தெருக்கோடி வரை போய்த் திரும்பி வந்தார். வாசலில் நிறுத்தும்போது வலது கையைத் தூக்கிக் காட்டினார். வண்டி தாழ்ந்த குரலில் முனகிக்கொண்டு நின்றது.

இவர் கிட்டே போய்க் கைப்பிடியைப் பிடித்தார். பெருவிரல் உறையின் ஓரத்தில் போய் நின்றது. டெய்லருக்குத் தன் தையல் தெரியாதா? தான் போடாத தையலை முன்னும் பின்னும் தடவிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் செம்பருத்திச் செடியைப் பார்த்தேன்.

"உறை சௌகரியமா இருக்குதுங்களாம்மா?" என்று கேட்டார்.

"அது இல்லாட்டி எனக்குக் கை வழுக்கும் சாமி."

அவர் தையலை இன்னொரு தடவை தடவிவிட்டு உள்ளே போனார்.

மறுநாள் வேலை முடிந்து வந்தவர் நேராக வண்டியிடம் போனார். சாப்பாட்டுப் பையிலிருந்து புதிதாக ஓர் உறையை எடுத்தார். சுருளாத ரிப் துணி, ஓரத்தில் இரட்டைத் தையல். அதை மாட்டி, கையை அழுத்தித் திருகி விட்டு, டக் என்ற சத்தம் கேட்ட பிறகும் திரும்பத் திரும்பத் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே மூட்டை கட்டிக்கொண்டிருந்த அத்தை தலை நிமிராமல் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.