டிசம்பரில் இல்லாத அறை

இன்று ஒரு கல்லூரி மாணவனுக்கு வாடகை அறை பிடித்துக் கொடுத்தேன்.

காலையில் என் பெயின்ட் கடைக்கு வந்து, "ரூம் கிடைக்கலன்னா படிப்ப விட்டுட்டு ஊருக்கே போயிடுவேண்ணே" என்றான். பேச்சிலர் என்றாலே எல்லோரும் கதவைச் சாத்துகிறார்களாம்.

என் கடைக்கு வாடிக்கையாக வரும் ஒரு அம்மா, பிரான்சில் இருக்கும் தன் அண்ணனின் பூட்டிய வீட்டைப் பார்த்துக்கொள்கிறார். மாடியில் சின்ன அறை. அழைத்துப்போனேன்.

"தரேன். ஆனா டிசம்பர்ல அண்ணன் குடும்பத்தோட வருவாரு. அந்த மாசம் காலி பண்ணிடணும்."

"அப்பதாங்க எனக்குப் பரீட்சை."

"அதுக்கு? அவர பிளைட் டிக்கெட்ட மாத்தச் சொல்லட்டுமா?"

பேரம் என் பிழைப்பு. அங்கே ஒன்றும் எடுபடவில்லை. டிசம்பருக்கு மட்டும் ஏதாவது இடம் தெரிந்தால் இந்தப் பதிவின் கீழே எழுதுங்கள்.

முடிவானது: மாதம் ஆயிரத்து இருநூறு, ஐந்து மாத அட்வான்ஸ். அவன் வெளியே இருக்கும் டிசம்பருக்கும் வாடகை உண்டு.