மஞ்சள் துணி கட்டிய மெந்திகி

புஷ்பராணி டீச்சர் பொய் சொல்லிப் பழகாதவர். பழகியிருந்தால் கொஞ்சம் யோசித்துச் சொல்லியிருப்பார்.

யாழ்ப்பாணத்து வழிவந்த குடும்பம். பினாங்கு ஜார்ஜ் டவுனில் பெண்கள் பள்ளி ஒன்றில் உயிரியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றார். கூட ஓய்வு பெற்றவர்கள் பேரப்பிள்ளைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, இவர் காலையில் தொப்பி போட்டுக்கொண்டு தஞ்சோங் தோக்கோங் கடற்கரைப் பாறைகளில் ஏறினார். அங்கே ஒரு மெந்திகி நின்றது. இடுப்பளவு புதர், தடித்த சின்ன இலை, வெள்ளைப் பூ. பார்க்க ஒன்றுமில்லை. அந்தக் கரையிலிருந்த மற்ற மெந்திகிகளையெல்லாம் போன்சாய் ஆசைக்காரர்கள் பெயர்த்துப் போய்விட்டார்கள். இது மட்டும் பாறை வெடிப்புக்குள் வேரை இறுக்கிக்கொண்டு தப்பியது. பெயர்த்தால் செத்துவிடும் என்பது டீச்சருக்குத் தெரியும்.

கரையைத் தூர்த்து அடுக்குமாடி கட்டப்போகிறார்கள் என்றதும் அவர் ஏறாத அலுவலகம் இல்லை. எல்லா இடத்திலும் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார்கள். "பாக்குறோம் டீச்சர்" என்றார்கள். மரியாதைக்குக் குறைச்சலே இல்லை.

மண்வாரி இயந்திரம் வந்து இறங்கிய அன்று டீச்சருக்குக் கோபம் தலைக்கேறியது. லிட்டில் இந்தியாவுக்குப் போய் மஞ்சள் துணி வாங்கிவந்து புதரைச் சுற்றிக் கட்டினார். கீழே ஒரு கல்லை நிறுத்திக் குங்குமம் வைத்தார். பினாங்கில் மஞ்சள் துணிக்கு விளக்கவுரை தேவையில்லை. தமிழர் சாமி என்பார், சீனர் டத்தோ என்பார், மலாய்க்காரர் கெராமாட் என்று சொல்லி ஒதுங்கிவிடுவார்.

கட்டுமான மேற்பார்வையாளர் சாதிக் வந்து பார்த்தார். "இது எப்ப வந்துச்சு டீச்சர்? நேத்து இங்க ஒண்ணும் இல்லலா."

"கனகாலமா இருக்கு. நீங்கள்தான் இப்ப பாக்கிறியள்."

செடியைப் பொறுத்தவரை அது உண்மைதான் என்று டீச்சர் மனதைத் தேற்றிக்கொண்டார்.

"எனக்கு இதுல ஒண்ணுமில்ல. ஆனா மெஷின் ஓட்டுறவன் கை வைக்க மாட்டேங்கிறான்," என்றார் சாதிக். வேலை நின்றது. டீச்சர் அன்று நிம்மதியாகத் தூங்கினார்.

வெள்ளிக்கிழமை ரமணி என்றொரு பெண் வந்தாள். யாரோ போனில் படம் அனுப்ப, அக்கரையில் பாகான் டாலாமிலிருந்து வேன் நிறைய ஆட்களோடு பாலம் கடந்து வந்திருந்தாள். வேரில் ஊற்றப் பால் செம்பைத் தூக்கியதும் டீச்சர் பதறிப்போனார்.

"பால் வேண்டாம்! இந்தச் சாமிக்கு ஆகாது."

"அப்ப என்ன ஆகும்கா?"

"ஒண்டும் வேண்டாம். தள்ளி நிண்டு கும்பிடுங்கோ."

இவ்வளவு கண்டிப்பான சாமி சக்தியுள்ள சாமியாகத்தான் இருக்க வேண்டும் என்று கூட்டம் பெருத்தது. ரமணி தலைமையில் கமிட்டி அமைந்தது. டீச்சர் ஆலோசகர். கூட்டம் இருக்கும்வரை இயந்திரம் வராது என்பதால் ஏற்றுக்கொண்டார்.

ஆனால் கம்பெனிக்குச் செடியிடம்தான் பேசத் தெரியாது, சாமியிடம் நன்றாகவே தெரியும். கமிட்டியைக் கூப்பிட்டு மாற்று இடம் கொடுத்தார்கள். சாலையோரம், தகரக் கூரை, டைல்ஸ் தரை, தண்ணீர்க் குழாய். கமிட்டிக்கு வாயெல்லாம் பல்.

டீச்சர் எழுந்து நின்றார். "அது சாமியே இல்லை. செடியைக் காப்பாத்த நான்தான் துணியைக் கட்டினனான்."



"சாமிதானேக்கா உங்களைக் கட்ட வெச்சுச்சு," என்றாள் ரமணி அன்பாக.

நல்ல நாள் பார்த்து, மேளம் வைத்து, துணியை அவிழ்த்துக் கல்லோடு வேனில் ஏற்றினார்கள். ரமணி டீச்சரின் கழுத்தில் மாலை போட்டாள்.

"செடி?" என்றார் டீச்சர்.

"எந்தச் செடிக்கா?"

சாமி இருந்த இடம் என்பதால், இயந்திரத்தில் ஏறுமுன் ஓட்டுநர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பாறை விரிசல்விட்ட சத்தம் மேளத்தையும் மீறிக் கேட்டது. டீச்சர் மாலையோடு நின்ற இடத்திலேயே தேம்பித் தேம்பி அழுதார். உடம்பெல்லாம் நடுங்கியது.

அருள் வந்துவிட்டது என்று ரமணி கையெடுத்துக் கும்பிட்டாள்.